சந்தா கட்டிக் கேட்ட வானொலி

சென்ற காலாண்டில் நம் சங்கம் நடத்திய மின்கழிவுச் சேகரிப்பில் பழைய மிக்சி, செட்டாப் பாக்ஸ், சார்ஜர் வயர்களுக்கு நடுவே ஒரு சின்ன ரேடியோப் பெட்டியும் வந்திருந்தது. அதன் கூடவே ஒரு தட்டையான ஆன்டெனா. இளையவர்கள் பலருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. அது வேர்ல்டுஸ்பேஸ் என்ற செயற்கைக்கோள் வானொலியின் பெட்டி. பிளக்கைச் செருகினால் இன்றும் அதில் விளக்கு எரியலாம், பாட்டு மட்டும் வராது. 2009 டிசம்பர் 31-உடன் இந்தியாவில் அந்தச் சேவை நின்றுவிட்டது.

"ரேடியோவுக்கா மாதாமாதம் பணம் கட்டினார்கள்?" என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். கட்டினார்கள். வேர்ல்டுஸ்பேசுக்கு மட்டுமல்ல, நம் பக்கத்தில் வானொலி பிறந்ததே சந்தாவில்தான். இன்று ஒவ்வொரு வீட்டிலும் நாலைந்து சந்தாக்கள் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில், அந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

சங்கமாகத் தொடங்கிய ஒலிபரப்பு

சென்னையில் முதல் வானொலி ஒலிபரப்பை நடத்தியது அரசாங்கம் அல்ல. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924 மே மாதம் தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப் அது. ஏறத்தாழ நம் சங்கத்தைப் போன்ற அமைப்பு: உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தினார்கள். அதே ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்புத் தொடங்கியது. மூன்று ஆண்டுகள் ஓடியது. 1927-இல் பணமில்லாமல் நின்றது.

கிளப்பின் ஒலிபரப்புக் கருவி வீணாகவில்லை. அது சென்னை மாநகராட்சியிடம் போனது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே வானொலி நடத்தியது. மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். சொந்தமாகப் பெட்டி வாங்க முடியாதவர்களும் மாலையில் மணலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள். 1938 ஜூன் 16-ஆம் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும்வரை இந்த ஏற்பாடு இருந்தது.

இதே காலத்தில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி என்ற தனியார் நிறுவனம் 1927-இல் நிலையங்களைத் திறந்தது. ரேடியோ வைத்திருப்பவர் ஆண்டுக்கு 10 ரூபாய் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும், அதில் 80 சதவீதம் கம்பெனிக்கு. இறக்குமதியாகும் ரேடியோக்களின் விலையிலும் ஒரு பங்கு உண்டு. கணக்குக் காகிதத்தில் நன்றாக இருந்தது. ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்தும் நாடு முழுவதும் உரிமம் எடுத்தவர்கள் எட்டாயிரத்தைத் தொடவில்லை. உரிமம் இல்லாமல் கேட்டவர்கள் எத்தனையோ பேர். 1930 மார்ச்சில் கம்பெனி மூடப்பட்டது. ஒரு மாதத்துக்குள் அரசாங்கம் அந்த நிலையங்களை ஏற்று நடத்தத் தொடங்கியது.

இந்த இடத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி போனது, ஆனால் வீட்டிலிருந்த ரேடியோ போகவில்லை. அலையில் வந்த ஒலிக்குப் பூட்டு எதுவும் இல்லை. யார் ஒலிபரப்பினாலும் அந்தப் பெட்டி பாடும்.

தபால் ஆபீசில் 15 ரூபாய்

நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்களுக்கு அடுத்த கட்டம் நினைவிருக்கும். ரேடியோ வாங்கினால் தபால் ஆபீசில் உரிமப் புத்தகம் எடுக்க வேண்டும். ஆண்டுக்கு 15 ரூபாய் கட்டி அதில் முத்திரை குத்தி வாங்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் அபராதம். 1980-களின் நடுவில்தான் இந்த உரிமம் முழுவதுமாக ஒழிந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 15 ரூபாய் போனது இந்திய அரசாங்கத்துக்கு. ஆனால் நம் கடற்கரைப் பக்கத்தில் பல வீடுகளில் விரும்பிக் கேட்டது இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை. கட்டணம் ஒரு பக்கம், காது இன்னொரு பக்கம். திறந்த அலையில் அது முடியும். முள்ளைத் திருப்பினால் நிலையம் மாறிவிடும்.

பெட்டி வாங்க வசதியில்லாத கிராமங்களில் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. பொதுப் பணத்தில் ஒரு பெட்டி, ஊருக்கே ஒரு ஒலிபெருக்கி. மாலை செய்தி நேரத்தில் அதன் அடியில் பத்துப் பேர் கூடுவார்கள். பொதுச் செலவில் எதை வாங்கலாம் என்ற கேள்விக்கு நம் கிராமங்கள் அன்று தந்த பதில் அது.

வானத்திலிருந்து வந்த பாட்டு

இனி அந்தப் பெட்டிக்கு வருவோம். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா 1990-இல் அமெரிக்காவில் வேர்ல்டுஸ்பேஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நல்ல வானொலி எட்டாத ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளுக்குச் செயற்கைக்கோள் வழியாக நேரே ஒலியைக் கொண்டுபோவது நோக்கம். 1998 அக்டோபரில் ஆப்பிரிக்காவுக்கான ஆஃப்ரிஸ்டார் ஏவப்பட்டது. 2000 மார்ச்சில் ஆசியாவுக்கான ஏசியாஸ்டார் ஏவப்பட்டது. இந்தியாவில் பெங்களூரைத் தலைமையிடமாக வைத்துச் சேவை நடந்தது.

கேட்டவர்கள் அதை ஏன் மறக்கவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்த் திரைப்பாடல்களுக்குக் கே.எல். ரேடியோ. கர்நாடக சங்கீதத்துக்கு ஸ்ருதி. இந்துஸ்தானிக்கு கந்தர்வ். உலகச் செய்திக்கு பி.பி.சி. ராகம் பாடிக்கொண்டிருக்கும்போது நடுவே சோப்பு விளம்பரம் வராது. ஏ.ஆர். ரஹ்மான் அதன் விளம்பரத் தூதராகி, அடையாள இசையும் அமைத்துக் கொடுத்தார்.

சென்னை நகருக்குள் 2003-இலேயே தனியார் பண்பலை நிலையங்கள் வந்துவிட்டன. அவை இலவசம், ஆனால் பெரும்பாலும் புதுப்பாட்டு, நிறைய விளம்பரம். சொந்தச் செய்திக்கு அனுமதியில்லை. கர்நாடக சங்கீதத்துக்கு இடமில்லை. அதோடு பண்பலை அலை நேர்கோட்டில் போவது. கோபுரத்திலிருந்து தள்ளிப்போகப் போக மெலியும். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே இருக்கும் செங்கல்பட்டிலும் மாமல்லபுரத்திலும் அது நகருக்குள் கேட்பதுபோலக் கேட்காது. ஆக, சந்தா கட்டலாமா என்ற கேள்விக்கு மயிலாப்பூர்க்காரரின் பதிலும் நம் பக்கத்துக்காரரின் பதிலும் ஒன்றாக இருக்க நியாயமில்லை.

கிழக்கு ஜன்னல் யாருக்கு?

காசைத் தவிர இன்னொரு கணக்கும் இருந்தது. ஏசியாஸ்டார் நிலநடுக்கோட்டுக்கு மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 105 டிகிரியில் நின்றது. நம் ஊரிலிருந்து பார்த்தால் அது கிழக்குக்குச் சற்றுத் தெற்கே, கடல் பக்கம். அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 57 டிகிரி உயரத்தில். ஆன்டெனாவுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் சுவரோ மரமோ இருக்கக் கூடாது.

தனி வீட்டுக்காரருக்கு இது பிரச்சினையே இல்லை. மொட்டை மாடியில் வைத்துவிடலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்த பால்கனி உள்ளவர்களுக்கும் கவலையில்லை. ஆனால் அடுக்குமாடியில் மேற்குப் பார்த்த வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்? மாடியில் ஆன்டெனா வைத்து, நாலு மாடி வயர் இழுத்து, அதற்குச் சங்கத்தின் அனுமதியும் வாங்க வேண்டும். ஒரே கட்டடத்தில் ஒரே சந்தா கட்டியும், இவருக்குப் பாட்டு, அவருக்கு மௌனம்.

ஆக, பெட்டிக்கு ஒரு விலை, அதற்கு மேல் ஆண்டுச் சந்தா, அதற்கும் மேல் இந்த வயர் வேலை. எல்லாம் சேர்த்தும் சங்கீதப் பிரியர்கள் பலர் வாங்கினார்கள். அன்று காலை முதல் இரவுவரை விளம்பரமில்லாமல் கர்நாடக இசை கேட்க வேறு வழி அதிகம் இல்லை. அவர்கள் கணக்கு தப்புக் கணக்கு அல்ல.

அங்கே ஓடியது, இங்கே நின்றது

அமெரிக்காவில் எக்ஸ்எம் 2001-லும் சிரியஸ் 2002-லும் செயற்கைக்கோள் வானொலியைத் தொடங்கின. மாதச் சந்தா 10 டாலர், 13 டாலர் அளவில். இரண்டும் கடனில் தத்தளித்து 2008-இல் ஒன்றாகச் சேர்ந்தன, இன்றும் ஓடுகின்றன. அங்கே அதைக் காப்பாற்றியது கார். தொழிற்சாலையிலேயே காரில் பொருத்திக் கொடுத்தார்கள். நகரங்களில் கட்டடம் மறைக்கும் இடங்களுக்குத் தரையில் துணை ஒலிபரப்பிகள் வைத்தார்கள். தினமும் நீண்ட தூரம் தனியாக ஓட்டிப்போகிறவருக்கு அந்தச் சந்தா நியாயமாகப் பட்டது.

இங்கே அந்தத் துணை ஒலிபரப்பிகள் இல்லாமல் வேர்ல்டுஸ்பேஸ் காருக்குள் வர முடியவில்லை. டிராய் 2005-இல் செயற்கைக்கோள் வானொலி பற்றிப் பரிந்துரை கொடுத்தும், கொள்கை முடிவு இழுத்துக்கொண்டே போனது. ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே தினமும் நெரிசலில் நின்றவருக்குப் பயன்பட்டிருக்க வேண்டிய பொருள், வீட்டு அலமாரியிலேயே உட்கார்ந்திருந்தது.

இன்னொரு பக்கம் இலவசங்கள் பெருகின. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் டி.டி. டைரக்ட் பிளஸ் தொடங்கியது. ஒருமுறை டிஷ் வாங்கினால் மாதக் கட்டணம் இல்லை, தொலைக்காட்சியோடு அகில இந்திய வானொலியின் அலைவரிசைகளும் அதில் வந்தன. அதுவும் செயற்கைக்கோள் வானொலிதான், சந்தா இல்லை என்பதுதான் வித்தியாசம். 2006-க்குப் பிறகு பண்பலை நிலையங்கள் மேலும் பெருகின. கைப்பேசிக்குள்ளேயே பண்பலை வந்தது.

2008 அக்டோபரில் வேர்ல்டுஸ்பேஸ் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கோரியது. அதன் உலகச் சொத்துகளை வாங்க வந்தவர் இந்தியச் சந்தா வணிகம் வேண்டாம் என்று விட்டுவிட்டார். சந்தாதாரர்களுக்கு அறிவிப்பு வந்தது 2009 டிசம்பர் கடைசியில், மார்கழிக் கச்சேரிகள் நடந்துகொண்டிருந்த வாரத்தில். அந்த மாதம் 31-ஆம் தேதியோடு ஸ்ருதி நின்றது.

1930-க்கும் 2009-க்கும் என்ன வித்தியாசம்?

இரண்டு தடவையும் கட்டணத்தை நம்பி நடந்த வானொலி மூழ்கியது. 1930-இல் பெட்டி பிழைத்தது. 2009-இல் பெட்டியும் சேர்ந்து மூழ்கியது. வேர்ல்டுஸ்பேஸ் பெட்டி அந்த நிறுவனத்தின் ஒலியை மட்டுமே திறக்கத் தெரிந்த பூட்டு. சாவி போனபின் அதற்கு வேலையில்லை. ஆண்டுச் சந்தாவை முன்பணமாகக் கட்டியவர்கள் நிலை அதைவிடச் சிரமம். திவாலான நிறுவனத்தில் சந்தாதாரரின் பாக்கிக்கு முன்னால் வங்கிகளும் பெரிய கடன்காரர்களும் நிற்பார்கள்.

சந்தா தகுமா என்று பார்க்கும்போது நாம் பெரும்பாலும் இரண்டைத்தான் எடை போடுகிறோம்: என்ன கிடைக்கிறது, எவ்வளவு ஆகிறது. வேர்ல்டுஸ்பேஸ் கதை மூன்றாவது கேள்வியைச் சேர்க்கிறது: கொடுப்பவர் நாளை இல்லாமல் போனால் என் கையில் என்ன மிஞ்சும்? பாட்டுக்காகக் கட்டிய சந்தா அந்த மாதத்துப் பாட்டோடு நேராகிவிடும். கேட்டது கேட்டதுதான், அதில் நஷ்டமில்லை. ஆனால் பெட்டிக்குக் கொடுத்த பணமும், வரப்போகும் மாதங்களுக்கு முன்கூட்டிக் கட்டியதும் அப்படி அல்ல.

பொதுப் பணத்துக்கு இது இன்னும் பொருந்தும். சங்கத்துக்கு இன்று வரும் திட்டங்கள் பல இந்த வகைதான்: கேட் நுழைவுச் செயலி, தண்ணீர் மீட்டர், கேமரா, எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே இணையச் சந்தா. மூன்று ஆண்டுப் பணத்தை முன்கூட்டிக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். அந்தக் கருவி வேறொருவர் சேவையோடும் வேலை செய்யுமா, நிறுவனம் மூடினால் நம் பதிவுகள் நம்மிடம் இருக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு பொதுக்குழுவில் வாக்குக்கு விடலாம். தள்ளுபடி கொஞ்சம் குறைந்தாலும் ஆண்டுக்கு ஆண்டு கட்டுவதே பொதுப் பணத்துக்குப் பாதுகாப்பு.

வானொலியைப் பொறுத்தவரை, இன்று கர்நாடக சங்கீதமும் பழைய பாட்டும் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. அகில இந்திய வானொலியின் நியூஸ் ஆன் ஏர் செயலிக்குக் கட்டணம் இல்லை. ஆனால் செயலிக்கு இணையம் வேண்டும், இணையத்துக்குக் கோபுரம் வேண்டும், கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்ததை நாம் பார்த்தோம். அப்படியொரு இரவில் இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி வேண்டுமானாலும் அறுந்துபோகலாம். பேட்டரியில் ஓடும் ஒரு சாதாரண ரேடியோவுக்குச் சந்தாவும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் காவலர் அறைக்கு ஒன்று வாங்கி வைக்கலாம் என்பது இந்தக் கட்டுரையின் வழியாகச் செயற்குழுவுக்கு வைக்கும் கோரிக்கை.

பழைய ரேடியோ உரிமப் புத்தகம், பஞ்சாயத்து ரேடியோவின் படம், வேர்ல்டுஸ்பேஸ் சந்தா ரசீது என்று எது உங்கள் வீட்டில் இருந்தாலும், படம் எடுத்துச் சங்க அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுவோம்.