பிளாஸ்மா வெட்டு: வரலாறும் பயன்பாடும்

கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. கரும்பு ஏற்றும் டிரெய்லரின் அடிச்சட்டத்தை அறுக்கக் கேஸ் கட்டிங் போதும். அது சாதாரண இரும்பு. ஆலைக் கருவிகளில் பயன்படும் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டிடம் அதே கேஸ் தோற்றுவிடும். பிளாஸ்மா வெட்டு பிறந்ததே இந்தச் சிக்கலால்தான்.

கேஸ் சுடர் இரும்பை உருக்கி வெட்டுவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், சூடேறிய இரும்பு ஆக்சிஜனில் எரிகிறது. இரும்பு 1,538 பாகை செல்சியசில் உருகும். எரிவதால் உண்டாகும் இரும்பு ஆக்சைடோ சுமார் 1,370 பாகையிலேயே உருகி வழிந்து, அடுத்த அடுக்குக்கு வழிவிடும். துருப்பிடிக்காத எஃகில் உள்ள குரோமியத்தின் ஆக்சைடு உருக 2,400 பாகைக்கு மேல் வேண்டும். அது தோல்போல மூடி, ஆக்சிஜனைத் தடுத்துவிடும். அலுமினியத்திலும் இதே தொல்லை.

அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் கேஜ் இதற்கு வழி கண்டார். 1957இல் காப்புரிமை பெற்றார். வெல்டிங்கில் எழும் மின்வில்லைக் குறுகிய செம்புத் துளை வழியே வாயுவோடு செலுத்தினால், அது 20,000 பாகைக்கும் மேல் சூடேறிப் பிளாஸ்மா ஆகிறது. (பிளாஸ்மா என்ற பெயரை 1928இல் இட்டவர் இர்விங் லாங்மியூர்.) அந்தப் பீச்சு உலோகத்தை உருக்கி ஊதித் தள்ளுகிறது. உலோகம் எரிய வேண்டியதில்லை. மின்சாரம் கடத்தினால் போதும்.

தொடக்கத்தில் ஆர்கான், ஹைட்ரஜன் போன்ற வாயுக்கள் தேவைப்பட்டன. காற்றைச் செலுத்தினால் டங்ஸ்டன் மின்முனை விரைவில் அரித்துப்போகும். செம்பில் ஹாஃப்னியம் பதித்த முனை வந்ததும் கம்ப்ரசர் காற்றே போதுமானது. பின்னர் வந்த இன்வெர்ட்டர் மின்சுற்று எந்திரத்தைக் கையில் தூக்கும் அளவுக்குச் சுருக்கியது. சிற்றூர்ப் பட்டறைக்கு இது எட்டியதற்கு இவ்விரண்டுமே காரணம் எனலாம். பெரிய தொழிற்கூடங்களில் கணினி டார்ச்சை நகர்த்துகிறது. ஆனால், மிகத் தடித்த சாதாரண இரும்பென்றால் இன்றும் கேஸ் கட்டிங்கே மலிவு.

சிலிண்டர் இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று நினைப்பது தவறு. துருப்பிடிக்காத எஃகை வெட்டும்போது எழும் புகையில் ஆறு இணைதிறன் குரோமியம் உண்டு. அது நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கவல்லது. மின்வில்லின் புற ஊதாக் கதிர் கண்ணைச் சுடும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி அதற்குப் போதாது. வெல்டிங் கண்ணாடி வேண்டும். மூடிய கொட்டகையில் வெட்டுவோருக்குப் புகை உறிஞ்சும் விசிறியும் தகுந்த முகக்கவசமும் தேவை.