சுமந்த தோள்கள்



கொடைக்கானலின் வரலாற்றைச் சொல்லும்போது நாம் வழக்கமாக 1845-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறோம். 1834-இல் மதுரையில் ஊழியத்தைத் தொடங்கிய அமெரிக்க மிஷனெரிமார், சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் அன்பானவர்களைப் பறிகொடுத்தார்கள். குளிர்ந்த இடம் தேடிய அவர்கள் 1845-இல் இம்மலைமேல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். சன்னிசைடு, ஷெல்டன் என்னும் அவ்வீடுகளின் பெயர்கள்கூட இன்றளவும் நினைவுகூரப்படுகின்றன.

ஆயினும் மலை அதற்கு முன்பு ஆளில்லாத காடாக இருக்கவில்லை. 1821-இல் நில அளவைக்காக வந்த லெப்டினன்ட் வார்டு, வெள்ளகவி என்னும் சிற்றூரில் தங்கி, அங்கிருந்தே மேலே ஏறினார். கொடைக்கானல் நகரம் உருவாகுமுன்னே அவ்வூரில் அடுப்பு எரிந்தது, கழனி விளைந்தது.

கொடைக்கானலுக்குக் கீழே, பெரியகுளத்தை நோக்கி இறங்கும் செங்குத்தான சரிவில் வெள்ளகவி இருக்கிறது. அங்கே வீடுகளைச் சூழ்ந்து கோயில்கள் உள்ளன. ஊர் முழுவதையும் பரிசுத்த நிலமாக எண்ணும் அம்மக்கள் அதற்குள் காலணி அணிவதில்லை. வருகிற விருந்தினரும் எல்லையிலேயே கழற்றிவிடவேண்டும். யாத்திராகமம் மூன்றாம் அதிகாரத்தை வாசிக்கிற நமக்கு இது விளங்காத வழக்கமன்று. நாம் ஆராதிக்கும் விதம் வேறு; ஆனால் தாங்கள் நிற்கும் மண்ணை மதிக்கும் அவர்களுடைய பயபக்தி நமக்கும் பாடமாகும்.

இப்பொழுது ஒரு காரியத்தைச் சிந்தியுங்கள். 1914-இல் மலைச்சாலை திறக்கப்படும்வரை, கொடைக்கானலுக்குச் செல்வோர் அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 6,000 அடி உயரத்தை நடந்தோ, குதிரையிலோ, நாற்காலியில் சுமக்கப்பட்டோ கடந்தார்கள். நோயுற்ற போதகர்களையும் கைக்குழந்தைகளையும் தாய்மார்களையும் கூலியாட்கள் தோளில் தூக்கி ஏறினார்கள். பெட்டிகளும் பாத்திரங்களும் வேதப்புத்தகங்களும் அவ்வாறே மேலே சென்றன. வீடுகளின் பெயர் நமக்குத் தெரியும். சுமந்தவர்களின் பெயர் தெரியாது.

மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நால்வருக்கும் பெயர் சொல்லப்படவில்லை. ஆனாலும் இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று சுவிசேஷகன் எழுதுகிறார். மனிதருடைய ஏடு மறந்தவர்களைக் கர்த்தருடைய கண் மறப்பதில்லை.

இது பழங்கதை மாத்திரமன்று. நோயாளிகளை மேலே சுமந்த காலம் போய், நாம் மோட்டார் வாகனத்தில் சில மணி நேரத்தில் ஏரிக்கரையை அடைகிறோம். வெள்ளகவி மக்களோ, சாலை வசதியில்லாமல், அண்மைக்காலம் வரையிலும் தங்கள் நோயாளிகளையும் பிரசவ வேதனையிலுள்ள பெண்களையும் டோலி கட்டித் தோளில் சுமந்தே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சுகம் தேடி வந்தவர்களுக்கு மலையின் உச்சியில் ஊர் உண்டாயிற்று. அதற்கு முன்பே அங்கு வாழ்ந்தவர்களுக்கோ, ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையே நெடுங்காலம் பாரமாயிருந்தது.

பிரியமானவர்களே, ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும்படி பவுல் அப்போஸ்தலன் கலாத்தியருக்கு எழுதினார். எப்பொழுதும் ஒரே சாரார் சுமக்க, மற்றொரு சாரார் அமர்ந்திருப்பது அந்தப் பிரமாணத்தின் நிறைவேறுதலாகாது.

அடுத்தமுறை கோக்கர்ஸ் வாக்கில் நின்று தெற்கே நோக்கும்போது, மூடுபனிக்குக் கீழே ஒரு சிற்றூர் இருக்கிறதென்பதை நினைவுகூருங்கள். நம்மை இந்நிலைக்குச் சுமந்துவந்த தோள்கள் யாருடையவை என்று உங்கள் வீட்டிலும் நம் சபையிலும் கேளுங்கள். உயிரோடிருப்பவர்களைப் பெயர்சொல்லி அழைத்து நன்றி கூறுங்கள். பிறகு, யாருடைய பாரத்திற்கு நம் தோளைக் கொடுக்கவேண்டும் என்று கர்த்தரிடத்தில் விசாரியுங்கள்.

நம்முடைய பாடுகளைச் சுமந்த இரட்சகர் இந்த வாரம் முழுவதும் உங்களைத் தாங்கி நடத்துவாராக. ஆமென்.