ஊர்ச் சரித்திரம் காப்பார் யார்?

கொழும்பு நூதனசாலை 1877ஆம் ஆண்டில், தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரி காலத்திலே திறக்கப்பட்டது. கண்டி அரசரின் சிம்மாசனத்தை அங்கே கண்டு வியவாதார் இல்லை. ஆனால், உடப்புக் கரையிலே நம் பாட்டன்மார் கரைவலை இழுத்த கயிற்றுக்கும், அவர்தம் வீட்டுப் பரணில் கிடக்கும் ஏட்டுச்சுவடிக்கும் அங்கே யார் இடம் கேட்பர்? அரசர் பொருளை அரசாங்கம் காக்கும். ஊர்ப் பொருளை ஊரார்தாம் காத்தல் வேண்டும்.

இப்பணிக்கு வழிகாட்டியை நாம் அயலூரில் தேடவேண்டியதில்லை. 1807ஆம் ஆண்டு கற்பிட்டியிலே பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. புத்தளப் பகுதியில் மணியகாரராகவும் முதலியாராகவும் உத்தியோகம் பார்த்தார். 1838இல் சட்டநிரூபண சபையிலும் இடம் பெற்றார். இலங்கையின் ஊர்கள், மக்கள், வழக்கங்கள் ஆகியவற்றைத் தொகுத்துச் ‘சிலோன் கசற்றியர்’ என்னும் ஆங்கில நூலை 1834இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 27. 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சேறிய ‘தமிழ் புளூராக்’, ஏறத்தாழ 200 தமிழ்ப் புலவர்களின் வரலாறு கூறுவது. அடுத்த ஆண்டிலே அவர் காலமானார். அவர் கிறிஸ்தவர், ஆயினும் சைவ வைணவப் புலவர்களின் சரிதங்களையும் சேர்த்துக் காத்தார். சரித்திரப் பணிக்குச் சமய வேலி இல்லை என்பதை இந்து இளைஞராகிய நாம் அவரிடமே கற்கலாம்.

இனி, நம் மாவட்டத்தின் வடபால், இன்றைய வில்பத்துக் காட்டினுள் உள்ள பொம்பரிப்பை நோக்குவோம். அங்கே 1920களில் தொல்பொருள் ஆணையாளர் ஹோகார்ட் காலத்திலும், 1970இல் விமலா பெக்லி தலைமையிலும் ஆய்வுகள் நிகழ்ந்தன. மனித எலும்புகளைக் கொண்ட பெருந்தாழிகளும், அவற்றோடு வைத்த சிறு கலங்களும் வெளிப்பட்டன. திருநெல்வேலிச் சீமையின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அறிஞர் இவற்றை ஒப்பிடுவர். ஒரு கலம் எத்தாழியில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் இருந்தது என்று குறித்துவைத்ததனாலன்றோ அவ்வொப்பீடு கைகூடிற்று! இடக்குறிப்பு இழந்த பானை வெறும் பானையே. அது வாய் பேசாது.

முன்னேசுவரம் கோயிலைப் போர்த்துக்கேயர் 1578இல் இடித்தனர்; பின்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்திலே அது மீண்டும் எழுந்தது. அத்துணை அழிவிற்கும் தப்பி, ஆறாம் பராக்கிரமபாகு மன்னனின் கல்வெட்டு நமக்குக் கிட்டியுள்ளது. கல்லில் எழுதியது நின்றது. ஆனால் வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்கள் கல்லில் எழுதப்பட்டவை அல்ல. அவை முதியோர் நாவில் வாழ்பவை. இன்று பல கரைகளில் உழவு இயந்திரம் வலையை இழுக்கின்றது. இழுக்கும் கைகள் குறையக் குறையப் பாடும் வாய்களும் குறைகின்றன. ஒரு முதியவர் மறைந்தபின் அவர் பாட்டை எவரிடம் போய்க் கேட்பது?

ஆதலின் இளைஞர் செய்யத்தக்கது யாது? மாளிகை எழுப்பப் பணம் வேண்டும். தொண்டு தொடங்க ஒரு கொப்பியும் பேனாவும் போதும். பொருள் ஒன்று வந்தால் அதற்கு இலக்கமிட்டு, தந்தவர் பெயர், கிடைத்த இடம், தேதி, அதன் பயன் ஆகியவற்றை அன்றே எழுதுக. பழைய நாணயத்தைப் புளியிட்டுத் துலக்காதீர். துலக்கினால் எழுத்தும் தேயும். ஏட்டின் கட்டை அவிழ்க்குமுன் ஏடுகளின் வரிசையைக் குறித்துக்கொள்க. பெரியோர் பாடுவதை அவர் சொன்ன சொல்லிலேயே பதிக, நாம் திருத்தலாகாது. பூசையிலுள்ள பொருளைக் காட்சிப்பொருளாக்கலாகாது. அதன் விவரத்தை மட்டும் எழுதிக்கொண்டால் போதும். புதைபொருள் தேடி நிலத்தைத் தோண்டவும் கூடாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றித் தோண்டுதல் குற்றம். தற்செயலாக ஏதும் வெளிப்பட்டால் அதிகாரிகளுக்கு அறிவித்தல் கடமை.

பெரியோர்களே, உங்கள் பெட்டிகளைத் திறவுங்கள், நினைவுகளையும் திறவுங்கள். இளைஞர்களே, வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். காசிச்செட்டியைப் போல, உத்தியோகத்தையும் பார்த்துக்கொண்டு ஊரின் கதையையும் எழுதி வைக்க நம்மாலும் இயலும். அடுத்த ஆண்டு மலர் வெளிவரும்போது, ஒரு கொப்பியேனும் நிரம்பியிருக்க முயல்வோமாக!