ஆலூரில் ஓர் அமைச்சர், ஓவலில் ஓர் எம்.பி.

ஆலூர் மைதானம் பெங்களூரின் வடமேற்கு விளிம்பில் உள்ளது. 2022 ஜூனில் அங்கே நடந்த ரஞ்சி அரையிறுதியில் மத்தியப் பிரதேசத்திடம் 54 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்து தவித்தது வங்காள அணி. சதமடித்து அதைத் தூக்கி நிறுத்திய மனோஜ் திவாரி, அப்போது மேற்கு வங்க அரசில் விளையாட்டுத் துறை இணை அமைச்சர். அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பு, லண்டன் ஓவலில், 42 வயது நிறைய இரண்டே நாள் இருக்கையில் இலங்கைக்காகக் களமிறங்கினார் சனத் ஜயசூரிய. அவர் அப்போது மாத்தறை மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர். எடுத்தது 2 ரன்.

ஆடி முடித்து அரசியலுக்கு வந்தவர்கள் ஏராளம். பதவியில் இருந்துகொண்டே ஆடியவர்கள் மிகச் சிலர். ஆகவே இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

முதலில் ஒற்றுமைகள். ஜயசூரிய 2010இல் பிறந்த ஊரான மாத்தறையில் நின்று வென்றார். திவாரி 2021இல் சொந்த ஊரான ஹவுராவின் சிப்பூர் தொகுதியில் வென்றார். இருவரும் ஆளுங்கட்சி. இருவருக்கும் அதுவே முதல் தேர்தல். நான் எதிர்பாராத ஒற்றுமை ஒன்றும் உண்டு. ஜயசூரிய 2006 ஏப்ரலில் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, அதே கோடையில் இங்கிலாந்தில் மீண்டும் டெஸ்ட் ஆடினார். திவாரி 2023 ஆகஸ்டில் ஓய்வை அறிவித்து, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார். விட மனம் வராத ஆட்டக்காரர்கள் இருவரும்.

வேற்றுமை, அணித்தேர்வு குறித்த ஐயத்தில் தொடங்குகிறது. ஓவல் ஆட்டத்துக்கு ஜயசூரிய மீண்டும் அழைக்கப்பட்டபோது, அரசியல்தான் அழைத்தது என்ற பேச்சு எழுந்தது. 1973ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டப்படி இலங்கையின் தேசிய அணிக்கு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். ஐயத்துக்கு அது இடம் கொடுத்தது. ஆனால் ஜயசூரிய அன்று வெறும் உறுப்பினர். விளையாட்டுத் துறையிலேயே அமர்ந்திருந்தவர் திவாரி. செல்வாக்கு என்று பார்த்தால் ஐயம் அவர்மீதுதான் அதிகம் எழுந்திருக்க வேண்டும். எழாமல் காத்தவை அவருடைய ரன்கள். அரையிறுதிச் சதத்துக்கு முன், அதே பெங்களூரில் ஜார்க்கண்டுக்கு எதிரான காலிறுதியில் 73, 136 என எடுத்தார். அந்த ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸில் வங்காளத்தின் ஒன்பது பேர் அரைசதம் கடந்தார்கள். முதல்தர கிரிக்கெட்டில் அது உலக சாதனை.

இவர்களின் முன்கதைகளும் நேர் எதிரானவை. ஜயசூரியவை இலங்கை அணி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தாங்கிப் பிடித்தது. திவாரியோ, 2011 டிசம்பரில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 104 எடுத்தும் அடுத்த வாய்ப்புக்காக மாதக்கணக்கில் பெஞ்சில் காத்திருந்தவர். மொத்தம் ஆடியது 12 ஒருநாள் ஆட்டங்கள். ஜயசூரியவின் கடைசி ஒருநாள் ஆட்டமும் திவாரியின் அந்தச் சதமும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை. வாய்ப்பு மறுக்கப்பட்டவருக்கு இடத்தை நிரூபித்தாக வேண்டிய பழக்கம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஜயசூரியவுக்கு அந்தத் தேவை வந்தபோது வயது கடந்திருந்தது. அவரைக் குறை சொல்வதற்கு முன் அதையும் நினைக்க வேண்டும்.

வாக்காளர் பக்கம் நின்றால் கணக்கு மாறுகிறது. ஒருநாள் ஆட்டம் ஒரு பொழுதில் முடியும்; ரஞ்சி நாக்அவுட் ஐந்து நாள், பயிற்சியும் பயணமும் தனி. அமைச்சர் பெங்களூரில் மட்டை பிடித்த அந்த ஜூன் நாட்களில் சிப்பூர்க்காரர் மனுவை யாரிடம் கொடுத்தார் என்பது நியாயமான கேள்வி. ஜயசூரிய பிரதி அமைச்சரானது 2013இல், ஆடி முடித்த பிறகு. அந்த வரிசை மேலானது. ஆனால் அதே ஆண்டு தொடக்கத்திலேயே அவர் தேர்வுக்குழுத் தலைவராகியிருந்தார். தம் தேர்வே கேள்விக்குள்ளானவர், பிறரைத் தேர்ந்தெடுக்கும் நாற்காலியிலும் பிரதி அமைச்சர் நாற்காலியிலும் ஒருசேர அமர்ந்தார்.

அணிக்கு நியாயம் செய்தவர் திவாரி என்பதில் எனக்குத் தயக்கமில்லை. தொகுதிக்கு நியாயம் என்று கேட்டால், இருவரில் எவருக்கும் முழு மதிப்பெண் தர மாட்டேன்.