பணிவு யாரிடம் கேட்கப்பட்டது?

"கடவுள் முன்னால் எல்லோரும் சமம்தானே, சபைக்குள் எதற்குச் சாதிப் பேச்சு?" தாராபுரம் சுற்றுவட்டாரத்தில் தலித் கிறித்தவக் குடும்பங்களோடு வேலை செய்யும்போது இந்தக் கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். கூடவே ஓர் அறிவுரையும் வரும்: "கிறித்தவர் என்றால் தாழ்மை வேண்டும், விட்டுக்கொடுங்கள்." சமத்துவம், தாழ்மை இரண்டுமே நல்ல சொற்கள்தான். ஆனால் வரலாற்றில் அவை யாரிடம் கேட்கப்பட்டன என்று பார்க்க வேண்டும்.

பாஸ்கா இரவில் இயேசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவினார். அந்தக் காலத்தில் அது அடிமையின் வேலை. அன்று குனிந்தவர் குரு, சீடர்கள் அல்ல. கொரிந்து சபையில் வசதியானவர்கள் முந்திச் சாப்பிட, ஏழைகள் பசியோடு நின்றபோது பவுல் கண்டித்தது வசதியானவர்களைத்தான். ஏழைகளைப் பார்த்துப் பொறுத்துப்போங்கள் என்று அவர் சொல்லவில்லை. கிறித்தவப் பணிவு என்பது மேலே இருப்பவர் இறங்கி வருவது. தமிழ்நாட்டுக்கு வந்தபோது அது தலைகீழானது.

1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714-15இல் அங்கேயே அச்சானது. தஞ்சை அரசரின் படையில் பணியாற்றிய ராஜநாயக்கன் பறையர் சமூகத்தவர், பிறப்பால் கத்தோலிக்கர். அந்த நற்செய்தி நூலைப் படித்து, 1720களின் இறுதியில் சீர்திருத்த சபையில் சேர்ந்தார். படை வேலையை விட்டு உபதேசியாராகி, தஞ்சை நாட்டுக் கிராமங்களில் சபைகளை வளர்த்தார். எதிர்ப்பு கடுமையாக இருந்தும் அவர் பின்வாங்கவில்லை.

1733இல் முதல் இந்தியச் சீர்திருத்த சபைக் குருவாக ஆரோன் என்பவருக்குக் குருப்பட்டம் கொடுக்கப்பட்டது. அவர் வேளாளர். இரண்டாவது குரு யார் என்ற பேச்சு வந்தபோது ராஜநாயக்கனின் பெயரும் வந்தது. அவருடைய உழைப்பிலோ விசுவாசத்திலோ மிஷனரிகளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஆதிக்க சாதிக் கிறித்தவர்கள் அவர் கையிலிருந்து திருவிருந்து வாங்கத் தயங்குவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 1741இல் தியோகு என்பவர் குருவானார். ராஜநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

திருவிருந்தில் அப்பமும் ஒன்று, கிண்ணமும் ஒன்று. அந்தக் கிண்ணத்தை யார் கை நீட்டுகிறது என்பதில்தான் சாதி வந்து நின்றது. இரட்டைக் குவளை வைத்த டீக்கடைகளைப் பார்த்த கொங்கு மண்டலத்துக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அன்று 'எங்கள் தயக்கத்தை நாங்கள் விடுகிறோம்' என்று சொல்ல வேண்டியவர்கள் வேளாளக் கிறித்தவர்கள். 'விடுங்கள், இல்லையேல் திருவிருந்து இல்லை' என்று சொல்ல வேண்டியவர்கள் மிஷனரிகள். இருவரும் சொல்லாததன் விலையை ராஜநாயக்கன் கொடுத்தார்.

சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, 1833இல், கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டை முற்றாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். சேர்ந்து உட்காரவும் ஒரே கிண்ணத்தில் பங்குபெறவும் மறுத்து, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். சமத்துவத்தைப் போதித்தபோது அமர்ந்து கேட்டவர்கள், நடைமுறைப்படுத்தச் சொன்னதும் எழுந்து போனார்கள்.

இது பழைய கதை அல்ல. தாராபுரம் சட்டமன்றத் தொகுதி தனித் தொகுதி. இங்குள்ள ஓர் அருந்ததியர் கிறித்தவராக ஞானஸ்நானம் பெற்றால், பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார். அந்தத் தொகுதியில் வேட்பாளராக நிற்கவும் முடியாது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி நிலையை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பட்டியல் சாதி நிலை தர வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2022இல் இதே கேள்விக்காக நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

மறுப்பவர்கள் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள்: "கிறித்தவத்தில் சாதி இல்லை." சபைக்குள் சாதியைப் பேசாதே என்பவரும் இதைத்தான் சொல்கிறார். ஞானஸ்நானத்துக்குப் பிறகும் அந்தக் குடும்பம் அதே காலனியில்தான் குடியிருக்கிறது. ஊர் அதைப் பழைய பெயரில்தான் அழைக்கிறது. சமத்துவம் என்ற சொல்லைக் காட்டியே சமத்துவத்தை மறுக்கிறார்கள்.

மாற்றமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. ஒரு நிறுவனம் தன் தவறைத் தானே சொல்வதுதான் உண்மையான தாழ்மை. 2022 ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். ராஜநாயக்கனுக்குக் குருப்பட்டம் மறுக்கப்பட்ட 1741இலிருந்து எண்ணினால் 281 ஆண்டுகள்.

தோழர்களே, அடுத்த முறை யாராவது உங்களிடம் "தாழ்மையாக இரு" என்று சொன்னால் கோபப்பட வேண்டாம். ராஜநாயக்கனின் கதையைச் சொல்லுங்கள். பிறகு அமைதியாகக் கேளுங்கள்: அன்று தாழ்மையோடு நடந்திருக்க வேண்டியவர் யார்?