கூரையைப் பிரித்தவர்களும் குளத்தருகே கேட்டவரும்

(வானொலி மறையுரை)



"பையனைக் கட்டித் தூக்கீட்டுப் போயாவது சேத்தி உட்றலாமுங்களா, சாமி?" போதையில் சிக்கிய மகனைப் பெற்றவர்கள் இன்று நம் பங்குகளில் கேட்கும் கேள்வி இது. முன்பு குடிகாரத் தகப்பனுக்காக அழுதோம். இப்போது கல்லூரி செல்லும் மகனின் பையில் கஞ்சாவும் போதை மாத்திரையும் இருப்பதைக் கண்டு அழுகிறோம். கட்டாயப்படுத்திக் குணமாக்க முடியுமா? நம் வரலாற்றையே கேட்டுப் பார்ப்போம்.

1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். கல்கியின் துணையோடு 'விமோசனம்' என்ற மதுவிலக்கு இதழை அங்கிருந்து நடத்தினார். அது எடுத்துச் சொல்லும் காலம். 1937-இல் சென்னை மாகாண ஆட்சி கைக்கு வந்ததும் சட்டத்தை எடுத்தார். அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு அமலானது. கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. அரசு இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. கூலிப்பணம் வீடு வந்து சேர்ந்தது பல குடும்பங்களுக்கு ஆறுதல். ஆனால் போர்க்காலத்தில் மதுவிலக்கு நின்றது. 1948-இல் மாகாணம் முழுவதும் வந்தது. 1971-இல் மீண்டும் தளர்ந்தது. கடையைச் சட்டம் மூடலாம். குடித்தவனின் உள்ளே எரியும் தாகத்தை அதனால் மூட முடியவில்லை.

அதே 1939-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு கத்தோலிக்க அருட்சகோதரி வேறொரு வழியைத் திறந்தார். அவர் பெயர் இக்னேஷியா. குடிநோயாளிகளை மருத்துவமனைகள் ஒதுக்கிய நாள்களில், டாக்டர் பாப் என்பவரோடு சேர்ந்து புனித தோமா மருத்துவமனையில் அவர்களுக்குப் படுக்கை கொடுத்தார். வீடு திரும்பும்போது திரு இருதய அடையாளம் ஒன்றைக் கையில் தருவார். மறுபடி குடிப்பதென்றால் முதலில் இதை என்னிடம் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பார். பூட்டோ சங்கிலியோ இல்லை. ஓர் அன்பான பிணைப்பு மட்டுமே.

சங்கிலி என்ன செய்யும் என்பதை நாம் 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் பார்த்தோம். மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் மாண்டார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதையே தடை செய்கிறது. ஆகவே, அன்புப் பெற்றோரே, கட்டித் தூக்கிப்போய் அனுமதியில்லாத இடத்தில் விட்டுவிட்டு வராதீர்கள்.

சட்டம் கைவிடவும் இல்லை. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகள் நலக் குழுவோ இளைஞர் நீதிக் குழுமமோ சிகிச்சைக்கு உத்தரவிடலாம். வளர்ந்த மகன் தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலையில் இருந்தால், நிபுணர் இருவர் தனித்தனியே பரிசோதித்து, முதலில் 30 நாள் வரை சேர்த்துக்கொள்ளலாம். போலீசுக்குப் பயந்து மறைக்கவும் வேண்டாம். பயன்படுத்தியதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குள்ளவர், தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முடித்தால், போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு அவருக்கு விலக்கு அளிக்கிறது. 14446 என்ற இலவச எண்ணில் வழி கேட்கலாம்.

நற்செய்தியில் இரண்டு நோயாளிகளைப் பார்க்கிறோம். மாற்கு நற்செய்தியில் முடக்குவாதமுற்றவரை நால்வர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள்; இயேசு அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டார். யோவான் நற்செய்தியில் 38 ஆண்டுகள் நோயுற்றுக் குளத்தருகே கிடந்தவரிடமோ, நலம்பெற விருப்பமா என்று முதலில் கேட்டார். இரண்டும் வேண்டும். நடக்க முடியாதவனைச் சுமப்பது நம் கடமை. விருப்பமா என்று கேட்டுக் காத்திருப்பதும் நம் கடமை. மூன்று முறை விழுந்தவனிடமும் நான்காம் முறை கேட்போம்.

நம் அன்பியங்களில் எந்த வீடு கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறது என்று நமக்குத் தெரியும். இந்த வாரம் அங்கே போவோம். புறம் பேச அல்ல, சுமக்க நால்வராக. அதற்கான அருளை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.