உழவுச் சாலில் ஒரு பாடம்

பால்டிமோர் நகர மருத்துவர் லியோ கானர், 1943-ஆம் ஆண்டில், 11 குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார். அன்றாட ஒழுங்கு சிறிது மாறினும் அவர்கள் பெரிதும் கலங்கினர். அந்நிலையையே இன்று ஆட்டிசம் என்கிறோம்.

அவர்களுள் முதல்வனான டொனால்டு, மிசிசிப்பி மாநிலத்தில் ஓர் உழவர் குடும்பத்தாரிடம் சில ஆண்டுகள் வளர்ந்தான். எதையும் ஓயாது எண்ணுவான். அவர்கள் அதனைத் தடுத்தாரல்லர். மக்காச்சோள வரிசைகளை எண்ணச் செய்தனர். எண்ணிக்கொண்டே அவன் குதிரை பூட்டி உழக் கற்றான். 1945-இல் கானரே அதனை நேரிற் கண்டார். பின்னாளில் டொனால்டு வங்கியில் பணியாற்றினார், பல நாடுகளைச் சுற்றி வந்தார், 2023-இல் மறைந்தார்.

யானோ, தன் இருக்கையை விட்டு மாற மறுத்த மாணவனொருவனைப் பிடிவாதக்காரனென்று ஒறுத்தேன். அன்று வளைந்திருக்க வேண்டியவன் யானே.